சிவப்பழகு: ஒரு சொல்லும் அதன் அளவுகோலும்

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்தியாவில் மிகப் பரவலாக விற்ற முகப்பூச்சு ஒன்றின் அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு பொருள்கள் ஓசையின்றி நீக்கப்பட்டன. ஒன்று, பூசுவதற்கு முன், பூசிய பின் என்று பக்கத்தில் பக்கமாக அச்சிடப்பட்டிருந்த ஒரே பெண்ணின் இரண்டு முகங்கள். மற்றொன்று, கருமையிலிருந்து வெண்மை நோக்கிப் படிப்படியாக வெளுத்துச்செல்லும் நிற அட்டை. தன் முகத்தோடு ஒப்பிட்டுத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு பெண் தானே கண்டுகொள்வதற்கு அது உதவியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 2020 ஜூன் 25 அன்று, இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. ஜூலை 2 அன்று புதிய பெயர் வந்தது: க்ளோ அண்ட் லவ்லி. குழாய் அதே குழாய். உள்ளிருந்த முதன்மையான வேதிப்பொருளும் அதேதான்.

ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் அமெரிக்காவில் எழுந்த கறுப்பின உரிமைப் போராட்டத்தின் எதிரொலி என்று செய்தித்தாள்கள் இதை விளக்கின. பெண்கள் அமைப்புகளின் நெடிய போராட்டத்திற்குக் கிடைத்த வெற்றி என்றும் பலர் எழுதினர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் ஐம்பது ஆண்டுக் கதையை அடுக்கிப் பார்க்கும்போது வேறொன்று துலங்குகிறது. இந்த கிரீம் தன் மொழியை மாற்றிக்கொண்டது 2020இல் முதன்முறையாக நிகழ்ந்தது அன்று. எதிர்ப்பு எழுந்த ஒவ்வொரு முறையும், எதிர்த்தவர்கள் கையாண்ட சொல்லே அடுத்த விளம்பரத்தின் சொல்லாயிற்று. திருமணச் சந்தையில் தோற்ற பெண், வேலைக்குப் போகும் பெண்ணானாள்; அவள் 'தன்னம்பிக்கை' கொண்ட பெண்ணானாள்; பின்னர் தன்னை 'ஏற்றுக்கொண்ட' பெண்ணானாள். நிற அட்டை மட்டும் ஓர் இடத்தில் மறைந்து மற்றோர் இடத்தில் வெளிப்பட்டது.

தமிழில் இந்தப் பண்டத்திற்கு அமைந்த பெயர் 'சிவப்பழகு கிரீம்'. கறுப்புக்கு எதிராகத் தமிழ்ப் பேச்சுவழக்கு நிறுத்தும் நிறம் வெள்ளை அன்று, சிவப்பு. இந்தியில் 'கோரா' என்பது வெளிர் நிறத்தையும் குறிக்கும், ஆங்கிலேயனையும் குறிக்கும். தாகூரின் நாவலில் தன் பிறப்பறியாத நாயகனுக்கு அப்பெயர் வாய்த்ததன் முரண் இந்த இரட்டைப் பொருளில்தான் நிற்கிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகுக்குரிய நிறம் மாமை, மாந்தளிரோடு ஒப்பிடப்படுவது. பிரிவாற்றாமையால் அவள் மேனியில் படரும் வெளிறிய பசலையோ நோய். நலத்தை உண்ணும் நிறம். வெளிறுதலை இழப்பாகக் கண்ட ஓர் இலக்கிய மரபு இருந்த நிலத்தில் வெளுப்பதற்குக் காசு கொடுக்கும் காலம் எப்படி வந்தது என்பது சின்னக் கேள்வி அன்று. நிற விருப்பம் முழுவதும் காலனியத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது; வெளிர் மேனியைப் புகழும் வரிகள் வடமொழிக் காப்பியங்களிலும் உண்டு. ஆனால் விருப்பம் வேறு, வரிசைப்படுத்திய அளவுகோல் வேறு. அளவுகோலுக்குத் தேதி சொல்ல முடியும்.

1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின. சோப்பின் வருகையோடு தூய்மையும் வெண்மையும் ஒன்றே என்னும் ஒரு காட்சி இலக்கணமும் வந்திறங்கியது. கறுப்புச் சிறுவனைக் குளிப்பாட்டி வெள்ளையாக்கும் பியர்ஸ் சோப்பு விளம்பரப் படத்தை ஆன் மெக்ளின்டாக் 1995இல் வெளியான தம் நூலில் பேரரசின் கதையாகவே வாசித்துக் காட்டியிருக்கிறார். அதே தலைமுறையில், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஹெர்பர்ட் ரிஸ்லி, இந்தியர்களின் மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளை இனங்களாக அடுக்கினார். உடல் ஒரு படிவரிசையில் பொருந்தும் என்பதும், அந்தப் படி சமூகப் படியோடு ஒத்துப்போகும் என்பதும் அரசு ஆவணத்தின் மொழியாயின. அந்த அறிவியல் பொய்யென்று நிறுவப்பட்டு வெகுகாலம் ஆகிறது. படிவரிசை என்னும் பழக்கம் மட்டும் எஞ்சிற்று.

இதைச் சுதேசி முதலாளிகள் எதிர்த்தார்கள் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 1919இல் பம்பாயில் இ. எஸ். பாட்டன்வாலா சந்தைக்குக் கொண்டுவந்த 'ஆப்கான் ஸ்நோ' இந்தியர் ஒருவரின் உழைப்பில் உருவான முகப்பூச்சு. அன்னியப் பொருளுக்கு மாற்றாக விற்றது. அதன் பெயரில் இருப்பதோ பனி. விடுதலைக்குப் பின் 1952இல் டாடா குழுமம் லக்மே நிறுவனத்தைத் தொடங்கியபோது அன்னியச் செலாவணி மிச்சமாகும் என்பது ஒரு நோக்கமாகக் கூறப்பட்டது. அழகுப் பொருளின் உடைமை இந்தியக் கைக்கு மாறியது. அழகின் திசை மாறவில்லை.

திசையை உறுதிப்படுத்தியது அழகுப் பொருள் விளம்பரத்தைக் காட்டிலும் வேறொரு விளம்பரம்தான். செய்தித்தாள்களின் வரன் பத்திகள் எழுத்துக்கு எழுத்து காசு கொடுத்துப் பதிப்பிக்கப்பட்டவை. அங்கே வீண்சொல்லுக்கு இடமில்லை. காலனிய வங்காளத்தில் திருமணப் பேச்சு தரகரிடமிருந்து அச்சு ஊடகத்திற்கு நகர்ந்த கதையை ரோசனா மஜும்தார் விரிவாக எழுதியிருக்கிறார். சாதி, வயது, படிப்பு, நிறம் ஆகியவை ஒரே வரியில் ஒரே தரத்துத் தகவலாக அமர்ந்த இடம் அதுவே. வடக்கே 'கோதுமை நிறம்', தெற்கே 'மாநிறம்' என்று இடைப்படிகளுக்கும் பெயர் உண்டாயிற்று. கறுப்பு நிறம் என்று மட்டும் யாரும் காசு கொடுத்து எழுதவில்லை. அது எழுதாமல் விடப்பட்டதன் மூலம் தெரிவிக்கப்பட்டது. பெட்டிக்குள் வைத்த நிற அட்டையை அச்சிட்டவர்கள் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. வீட்டுக்கு வரும் நாளிதழில் இருந்ததையே வண்ணத்தில் தந்தார்கள்.

1971இல் நியாசினமைடு என்னும் வைட்டமின் பி3 வடிவத்தைத் தோலின் நிறத்தைக் குறைக்கப் பயன்படுத்துவதற்கான காப்புரிமை யூனிலீவரிடம் வந்தது. தோலில் நிறமி உண்டாகும் உயிரணுவிலிருந்து மேற்பரப்பு உயிரணுக்களுக்கு அது கடத்தப்படுவதை நியாசினமைடு ஓரளவு மட்டுப்படுத்துகிறது. விளைவு மெல்லியது, நிறுத்தினால் மறைவது. சட்டத்தின் பார்வையில் இது மருந்தா அழகுப் பொருளா என்பது முக்கியமான கேள்வி. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் அழகுப் பொருளை வரையறுக்கையில், தூய்மை செய்தல், அழகூட்டல், கவர்ச்சி பெருக்கல் ஆகியவற்றோடு தோற்றத்தை மாற்றுவதையும் சேர்த்துக்கொண்டது. மருந்தாக விற்றால் பயனை நிறுவ வேண்டும். அழகுப் பொருளாக விற்றால் வாக்குறுதி போதும். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி முதலில் தென்னிந்தியாவில் சோதனை முறையில் விற்கப்பட்டது. 1978இல் நாடு முழுவதும் கிடைத்தது. கறுப்பைப் பெருமையாகவும் அரசியலாகவும் பேசக் கற்றுக்கொண்டிருந்த ஒரு நிலப்பரப்பில் அந்தச் சோதனை தோற்கவில்லை என்பது திராவிட இயக்க வரலாற்றை எழுதுவோர் கவனிக்கத் தக்கது. மேடையில் கறுப்பு வென்றது. பெண் பார்க்கும் கூடத்தில் வெல்லவில்லை.

தொடக்கக் கால விளம்பரங்களின் கதை எளிது: கறுத்த பெண், தள்ளிப்போகும் வரன், கிரீம், திருமணம். தாராளமயம் வந்த 1991க்குப் பின் அந்தக் கதை போதாமல் போயிற்று. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. 1994ஆம் ஆண்டு ஒன்றிலேயே சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டப்பட்டனர். அழகு என்பது திருமணத்திற்கு மட்டுமன்றிச் சொந்த வாழ்வுக்கும் முதலீடு என்று நடுத்தர வர்க்கம் கண்டுகொண்டது. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எதிர்ப்பும் அதே அளவில் எழுந்தது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார்; நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. பெண்ணுடல் சரக்காவதை எதிர்த்த இடதுசாரிப் பெண்கள் அமைப்புகளும், பண்பாடு கெடுகிறது என்று வெகுண்ட வலதுசாரிகளும் ஒரே நகரத்தின் தெருக்களில் இறங்கினார்கள். ஆடை பற்றிய சச்சரவில் நிறம் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. மேடையேறிய பெண்களின் நிறம் எந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது என்று கேட்டவர் சிலரே.

அந்தப் பத்தாண்டின் முடிவில் போட்டி சூடுபிடித்தது. 1998இல் சென்னையின் கெவின்கேர் நிறுவனம் குங்குமப்பூவும் பாலும் சேர்ந்ததாக 'ஃபேரெவர்' கிரீமை விற்கத் தொடங்கியது. கடலூர்ப் பக்கத்தில் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் உத்தியைக் கண்ட குடும்பத்திலிருந்து வந்த நிறுவனம் அது. சாஷே என்று வழங்கும் அந்தப் பொட்டலம் நிற விருப்பத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். முழுக் குழாய் வாங்க இயலாத கூலிப் பெண்ணும், பள்ளி மாணவியும் கைச்செலவுக் காசில் வாங்கக் கூடியதாக நிறம் ஆயிற்று.

இந்தப் பின்னணியில்தான் ஃபேர் அண்ட் லவ்லி நிறுவனத்தின் மிகவும் பேசப்பட்ட தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. ஓய்வுபெற்ற தந்தை, தன்னைத் தாங்குவதற்கு ஒரு மகன் இல்லையே என்று வருந்துகிறார். குறைந்த சம்பளத்தில் இருக்கும் கறுத்த மகள் அதைக் கேட்டுவிடுகிறாள். கிரீம் பூசுகிறாள், வெளுக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள், தந்தையை உயர்ந்த உணவகத்திற்கு அழைத்துச் செல்கிறாள். பெண் வேலைக்குப் போக வேண்டும், பெற்றோரைத் தாங்க வேண்டும், மகனுக்கு நிகராக நிற்க வேண்டும் என்று பெண்ணியம் பல்லாண்டுகளாகச் சொன்ன அனைத்தும் அந்தச் சில நொடிகளுக்குள் இருந்தன. அந்த நீதிக்குக் கட்டணம் மட்டும் நிறத்தில் கேட்கப்பட்டது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்து ஓராண்டு போராடியது. நிறுவனத்திடம் முறையிட்டது, தேசிய மனித உரிமை ஆணையத்திற்குச் சென்றது, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தை நெருக்கியது. பெண்களை இழிவுபடுத்துவதோடு இனவாதத்தையும் மகன் மோகத்தையும் வளர்ப்பது என்பது அதன் குற்றச்சாட்டு. 2003இல் இரண்டு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

அதே 2003 மார்ச் மாதத்தில் அந்நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லி அறக்கட்டளையைத் தொடங்கியது. பெண்களின் கல்விக்கு உதவித்தொகை, வேலை வழிகாட்டல், திறன் பயிற்சி என்பன அதன் பணிகள். இவ்விரண்டு நிகழ்வுகளும் ஒரே பருவத்தில் அமைந்ததைத் தற்செயல் என்று கொள்வது கடினம். உதவித்தொகையால் படித்த பெண்கள் உண்மையில் பயனடைந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'பெண்களை வலுப்படுத்தல்' என்னும் சொல் மாதர் சங்கத்தின் மனுவிலிருந்து கிரீமின் பெயர் தாங்கிய அறக்கட்டளைக்குக் குடிபெயர அதிக நாள் ஆகவில்லை.

இச்சொல் மேலாண்மைப் பேராசிரியர்களிடையே ஒரு கூர்மையான விவாதத்தையும் கிளப்பியது. கோவையில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. கே. பிரகலாத், ஆலன் ஹாமண்டுடன் சேர்ந்து 2004இல் எழுதிய கட்டுரையில், தெருக்கூட்டும் ஏழைப் பெண் ஒருத்தி வெயிலில் தன் முகம் கறுக்காமல் காக்க இந்த கிரீமை வாங்குவதை ஓர் எடுத்துக்காட்டாக முன்வைத்தார். தனக்கென்று தயாரிக்கப்பட்ட பொருளைத் தன் காசில் தேர்ந்துகொள்ளும்போது அவள் வலிமை பெற்றதாக உணர்கிறாள் என்பது வாதம். அதே மிச்சிகனிலிருந்த அனில் கர்னானி 2007இல் இதற்கு மறுப்பு எழுதினார். அவள் உணர்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவளை வலுவற்றவளாக்கிய பாகுபாட்டை உறுதிசெய்துகொண்டே விற்கப்படும் பண்டம் அவளுக்கு வலிமை தர முடியாது என்றார். இளைஞர்களின் உடல் குறித்த இன்றைய எல்லா விவாதங்களும் இந்த இரண்டு நிலைகளுக்கிடையில்தான் ஊசலாடுகின்றன. ஒரு பெண்ணின் தேர்வை மதிப்பதா, அந்தத் தேர்வை உண்டாக்கிய சூழலைக் கேள்வி கேட்பதா? கர்னானியின் பக்கமே வலுவானது. ஆயினும் தெருக்கூட்டும் பெண்ணிடம் இருவரில் எவரும் பேசியதாகக் கட்டுரைகளில் தெரியவில்லை.

ஆண்களின் முறை 2005இல் வந்தது. பெண்களின் கிரீமை ஆண்கள் ஒளிந்து பூசிக்கொள்வதைக் கேலி செய்தபடி இமாமி நிறுவனத்தின் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' நுழைந்தது. ஷாருக் கான் அதன் முகமானார். அதை எதிர்த்து எழுந்த ஒரு வழக்கு நினைவில் வைக்கத் தக்கது. 79 ரூபாய்க்கு அந்த கிரீமை வாங்கிப் பூசியும் நிறம் மாறவில்லை என்று ஒரு நுகர்வோர் 2013இல் தில்லியில் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று பதினோரு ஆண்டு நீண்டு, 2024 டிசம்பரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நிறுவனம் 14.5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நிறுவனத் தரப்பின் வாதம்தான் வரலாற்றாசிரியனுக்குக் கிடைத்த புதையல். பயன் கிட்ட வேண்டுமானால் முறையாகப் பூசுவதோடு சத்துணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கங்கள், தூய்மையான சூழல் ஆகியனவும் வேண்டும். மேலும் இது 16 முதல் 35 வயது வரையுள்ள இயல்பான இளைஞர்களுக்கு உரியது என்று வாதிடப்பட்டது. பெட்டியின் மேல் இவை எவையும் இல்லை என்று ஆணையம் சுட்டியது. வெளுக்காவிட்டால் குற்றம் பூசியவனுடையது என்னும் கருத்து இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் பதிவானதில்லை.

எதிர்ப்பின் மொழியும் இதற்குள் மாறியிருந்தது. 2009இல் சென்னையிலிருந்து இயங்கும் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களோடு உரையாடுவது அதன் வழி. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக முன்வந்தபின் நாடெங்கும் கவனம் பெற்றது. 2016இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த இரு சகோதரிகளை அவர்களது கறுப்பினத் தோழி எடுத்த படங்கள் 'அன்ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் குறிச்சொல்லோடு உலகைச் சுற்றின. பின்னர் நடிகை சாய் பல்லவி ஒரு சிவப்பழகு விளம்பரத்தை மறுத்த செய்தி தென்னகத்து இளைஞர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. மாதர் சங்கம் அரசையும் நிறுவனத்தையும் நோக்கிப் பேசியது. புதிய இயக்கங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டவளை நோக்கிப் பேசின: உன்னை நீ ஏற்றுக்கொள். கேலியைக் கேட்டு வளர்ந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல் தந்த ஆறுதலை வெளியிலிருந்து எவரும் அளந்துவிட முடியாது. ஆயினும் அவள் தன்னை ஏற்றுக்கொண்ட பிறகும், அவளை ஏற்காத மாமியாரும் நேர்காணல் அறையும் வரன் பத்தியும் அப்படியே இருந்தன. கறுப்பும் அழகே என்னும் வாக்கியத்தில், அழகாயிருந்தால்தான் மதிப்பு என்னும் நிபந்தனையும் தொடாமல் விடப்பட்டிருந்தது.

2014இல் விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் நிற மாற்றப் பொருள்களுக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிறத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது. கறுத்தோர் வேலையிலோ திருமணத்திலோ பின்தங்குவதாகக் காட்டக் கூடாது. சாதி, சமயம், தொழில் ஆகியவற்றோடு நிறத்தை இணைக்கக் கூடாது. நல்ல விதிகளே. ஆனால் அவற்றுள் ஒன்று நுணுகி வாசிக்கத் தக்கது. பூசுவதற்கு முந்தைய முகத்தைக் காட்டும்போது, அம்முகம் அழகற்றதாகவோ துயருற்றதாகவோ தோன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. முந்தைய முகம் தடைசெய்யப்படவில்லை. அதன் சோகம் மட்டுமே தடைசெய்யப்பட்டது. அதன் பின் வந்த விளம்பரங்களில் கறுத்த பெண் தொடக்கத்திலிருந்தே புன்னகைத்தாள். முடிவில் வெளுக்கத்தான் செய்தாள்.

ஆகவே 2020இல் நடந்தது திடீர்த் திருப்பம் ஆகாது. அவ்வாண்டு பிப்ரவரியில், 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தைத் திருத்த மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டிருந்தது. விளம்பரம் செய்யக் கூடாத நிலைகளின் பட்டியலில் தோலைச் சிவப்பாக்குதலும் சேர்க்கப்பட்டது. சிறைத் தண்டனையும் பல லட்சம் அபராதமும் முன்மொழியப்பட்டன. வரைவு வரைவாகவே நின்றது. ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் தொடங்கிய கையொப்ப இயக்கத்தைத் தொடர்ந்து ஷாதி டாட் காம் தளம் தன் தேடலில் இருந்த நிற வடிகட்டியை நீக்கியது. அந்த வடிகட்டி எப்போதோ செயலிழந்துவிட்டது, எடுக்க மறந்துபோனோம் என்றது நிறுவனம். பயனற்ற ஒரு கருவி பக்கத்தில் கிடந்தும் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் உறுத்தவில்லை என்பது அந்த விளக்கத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. ஜூலையில் யூனிலீவர் தன் ஆண்கள் கிரீமுக்கு 'க்ளோ அண்ட் ஹேண்ட்சம்' என்று பெயரிட்டதும் இமாமி அப்பெயர் தன்னுடையது என்றது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாகுபாட்டை விட்டொழித்ததன் அடையாளமாக அறிவிக்கப்பட்ட சொல் ஒரு வாரத்திற்குள் வணிகச் சொத்தாகி வழக்காடியது.

பெரிய நிறுவனங்கள் 'ஃபேர்' என்னும் சொல்லை விட்டு நீங்கினாலும் அந்தச் சொல்லுக்கான தேவை நீங்கவில்லை. அது எங்கே போயிற்று என்பதைத் தோல் மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். ஸ்டீராய்டு கலந்த தோல் மருந்துகளைச் சிவப்பழகுக்காக மாதக்கணக்கில் பூசியதால் மெலிந்து, சிவந்து, பருவெடித்து, நிறுத்தினால் எரியும் முகங்களுக்குக் கொல்கத்தாவின் மருத்துவர்கள் 2008இல் ஒரு தனிப் பெயரே சூட்டினர். 2011இல் வெளியான பல மைய ஆய்வொன்று, முகத்தில் தோல் நோயோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்ததைக் கண்டது. அவர்களுள் 126 பேர் அதைச் சிவப்பழகு கிரீமாகவோ பொதுப் பூச்சாகவோ மழித்த பின் தடவுவதாகவோ பயன்படுத்தியவர்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர்: தோழி, அழகு நிலையம், மருந்துக்கடைக்காரர். 2018 மார்ச்சில்தான் பதினான்கு ஸ்டீராய்டுப் பூச்சுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாக அறிவிக்கப்பட்டன.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தின் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோய்க்கு ஆளான 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம், அந்நோயின் அரிய வகை ஒன்று தென்பட்டது. குடும்ப வரலாறு, மருந்து வரலாறு அனைத்தும் விசாரித்த பின், 13 பேர் முகத்திற்குச் சிவப்பழகு கிரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். ஐயத்திற்குரிய பொருள் பாதரசம். அது நிறமியை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. தோல் வழியே உள்ளேறிச் சிறுநீரகத்தில் சேர்கிறது. தயாரித்தவர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாமல் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் இத்தகைய பூச்சுகளைப் பிடிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் சோதனையை நடத்தியது. விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் விதிகள் இவற்றைத் தொடவே இல்லை, ஏனெனில் இவற்றிற்கு விளம்பரமே கிடையாது. கைபேசியில் ஒரு தோழியின் வெளுத்த முகம் போதுமானதாக இருந்தது.

கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோர் கிரீமை நிறுத்தியதும் தேறினர்.